இரண்டாம் மாடியில் தொங்கிய கேபிள்

ஸ்பானிங் ட்ரீயைப் பற்றி எளிமையாக ஏதாவது எழுதித் தாருங்கள், புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவும் என்று, நான் வேலை பார்த்த கல்லூரியின் நெட்வொர்க் பிரிவிலிருந்து கேட்டார்கள். அந்தப் பிள்ளைகள் நீங்கள்தான். உங்களுக்கு இது உதவும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஸ்விட்சில் கேபிள் செருகும் வாசல் ஒன்று எந்தெந்த நிலைகளைக் கடந்து திறக்கும் என்பதை நீங்கள் என்னைவிட வேகமாக ஒப்பிப்பீர்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு மேசைக்கு மேலே மாட்டியும் இருப்பீர்கள். நானும் மாட்டியிருந்தேன். அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் ஒரு பெண்ணின் வேலையைப் போக்கினேன்.

முதலில் பாடத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பேருந்து நிலையத்தில் ஒருவர், "அம்பாசமுத்திரம் போகிறவர் யாராவது உண்டா?" என்று கூவுகிறார் என்று வையுங்கள். கேட்ட ஒவ்வொருவரும், தனக்குச் சொன்னவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் மற்ற எல்லோரிடமும் அதையே கூவவேண்டும். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான ஸ்விட்சின் குணம் இதுதான். ஆள் எங்கே என்று தெரியாவிட்டால் எல்லோரிடமும் கூவும். ஆட்கள் ஒரே வரிசையாக நின்றால் கூவல் கடைசி ஆளிடம் போய் முடியும். வட்டமாக நின்றால் முடியாது. முதலில் கூவியவரின் காதுக்கே அது திரும்பி வரும். யாரோ புதிதாகக் கேட்கிறார் என்று நினைத்து அவரும் மறுபடி கூவுவார். கொஞ்ச நேரத்தில் அந்த ஒரு கூவலைத் தவிர நிலையத்தில் வேறெதுவும் கேட்காது. நடத்துநரின் விசில் கேட்காது. ஒரு வண்டியும் நகராது. அந்த வட்டத்துக்குத்தான் லூப் என்று பெயர்.

ஸ்பானிங் ட்ரீ அந்த வட்டத்தை உடைத்துவைக்கிறது. ஸ்விட்சுகள் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். தலைவரிடம் போவதற்கு ஒவ்வொன்றும் ஒரே ஒரு வழியைத் திறந்து வைத்து, இரண்டாவது வழியை அடைத்துவிடும். திறந்த வழி அறுந்தால் அடைத்த வழி திறக்கும். தலைவர் யார் என்று நீங்கள் எழுதிவைக்காவிட்டால், தயாரிக்கும்போதே பொறித்த முகவரி எண் சிறியதாக இருக்கும் பெட்டியே தலைவராகும். அது பெரும்பாலும் ஆகப் பழைய பெட்டியாக இருக்கும். விடுதிச் சாமான் அறையில் ஒட்டடைக்கு நடுவே கிடக்கும் ஒரு கிழட்டு ஸ்விட்ச், கல்லூரி முழுவதற்கும் வழி சொல்லிக்கொண்டிருக்கும். சபைக் கமிட்டித் தேர்தல்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பாடம் இவ்வளவுதான். இதற்கு மேல் உள்ளதெல்லாம் கட்டளைகள். அவை புத்தகத்தில் கிடைக்கும்.

எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். வாயைத் திறந்தால் வசவுதான் வரும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் நாங்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது, அங்கிருந்த குமாஸ்தா ஒருவர் காலை நீட்டியதில் கேபிள் பிடுங்கிக்கொண்டு அலுவலகமே நின்றுபோனது. நான் அந்த மனிதரைப் பிடித்து ஏசினேன். என் ஆசான் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"ஏலே, அவரு கப்பல் கணக்கு எழுத வந்தவரு. வயரை மிதிக்கத்தான் செய்வாரு, இழுக்கத்தான் செய்வாரு. மனுசன் காலை நீட்டுனா செத்துப்போவுத மாதிரி ஒண்ணைக் கெட்டி வச்சிட்டு, காலை நீட்டுனவரை ஏசுதியே, வெக்கமா இல்லியால ஒனக்கு?"

நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை. உங்களில் பலரும் இப்போது ஆட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரிக்கு வந்தேன். அது பழைய மிஷன் கல்லூரி. கல் கட்டடம், வேப்பமரங்கள், மரங்களுக்குக் கீழே உடைந்த பெஞ்சுகள். அங்கே ஆன்லைன் தேர்வு மையம் அமைக்கும் முடிவு வந்ததும் நெட்வொர்க் முழுவதும் என் பொறுப்பானது. அதை நன்றாகவே அமைத்தேன். கீழ்த்தளத்தில் சர்வர் அறை. அங்கே பெரிய ஸ்விட்ச். ஒவ்வொரு தேர்வுக்கூடத்திலும் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அலமாரி, அதற்குள் அந்தக் கூடத்தின் ஸ்விட்ச். இரண்டாம் மாடிக் கூடம் தூரம் என்பதால், ஒன்று அறுந்தாலும் மற்றது இருக்கட்டும் என்று கீழிருந்து அதற்கு இரண்டு கேபிள் இழுத்தேன். ஸ்பானிங் ட்ரீ அவற்றில் ஒன்றை அடைத்து வைத்திருந்தது. அடைத்த வாசலில் மஞ்சள் விளக்கு. மற்றதெல்லாம் பச்சை.

திறப்பு விழாவுக்கு முன் தாளாளர் சுற்றிப் பார்க்க வந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் சுத்தம் பார்ப்பவர். இரண்டாம் மாடி அலமாரியின் முன் நின்றார்.

"என்ன வே பொன்ராஜ், எல்லாம் பச்சையா எரியுது, இது ஒண்ணு மட்டும் மஞ்சளா எரியுது?"

"அது சும்மா நிக்கி ஐயா."

"சும்மா நிக்கதுக்கா இம்புட்டுச் செலவு பண்ணி இழுத்தீரு? வாரவன் பழுதுன்னுல்லா நெனைப்பான்."

அவருக்கு அருகில் நின்ற இருவர் சிரித்தார்கள். அடுத்து ஒரு கணினியை இயக்கிப் பார்த்தார். திரை வந்த பிறகும் இணைப்பு வர அரை நிமிடம் ஆனது. ஸ்பானிங் ட்ரீ ஒரு வாசலைத் திறக்கும் முன் அங்கே வட்டம் ஏதும் உண்டா என்று நின்று பார்க்கும். அந்த நேரம்தான் அது. தாளாளர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் இதைவிடச் சுறுசுறுப்பா இருக்கும் போலுக்கே!"

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் நான் கெட்டுப்போனேன்.

என்ன செய்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கணினி மட்டும் இணையும் வாசல்களுக்குக் காத்திருப்பு தேவையில்லை என்று சொல்ல ஒரு கட்டளை உண்டு. அந்த வாசலில் யாராவது தவறுதலாக இன்னொரு ஸ்விட்சைச் செருகினால் வாசலையே மூடிவிட மற்றொரு கட்டளை உண்டு. போர்ட்ஃபாஸ்ட், பிபிடியு கார்ட். உங்களுக்கு மனப்பாடம். ஒவ்வொரு ஸ்விட்சாக உட்கார்ந்து எழுத ஒரு மத்தியான வேலை. மஞ்சள் விளக்குக்கு அதுகூட வேண்டாம். "அப்படித்தான் ஐயா இருக்கணும்" என்று ஒரு வாக்கியம் போதும்.

நான் ஸ்பானிங் ட்ரீயையே எல்லா ஸ்விட்சிலும் அணைத்துவிட்டேன். அணைத்தால் வட்டமாகிவிடும் என்பதால், முதலிலேயே இரண்டாம் மாடி அலமாரியில் மஞ்சள் விளக்கு எரிந்த வாசலிலிருந்து கேபிளைப் பிடுங்கினேன். அதன் மறுமுனை கீழே பெரிய ஸ்விட்சில் அப்படியே செருகியிருந்தது. மேலே பிடுங்கிய முனையை அலமாரிக்குள் தொங்கவிட்டேன். எதற்கான கேபிள் என்று ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை. கீழே போய் மறுமுனையைப் பிடுங்கவும் சோம்பல். கணினிகள் உடனுக்குடன் எழுந்தன. எல்லா விளக்கும் பச்சை. திறப்பு விழாவில் தாளாளர் என் தோளைத் தட்டினார். தட்டுவாங்கிய தோளோடு அன்று முழுவதும் நிமிர்ந்து நடந்தேன்.

உங்களில் யாராவது இப்படி எதையாவது அணைத்து வைத்திருக்கிறீர்களா? வைத்திருப்பீர்கள். "தற்காலிகமாக" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நம் தொழிலில் அந்தச் சொல்லுக்கு, அடுத்தவன் தலையில் விழும்வரை என்று பொருள்.

அந்த இரண்டாம் மாடிக் கூடத்துக்குப் பொறுப்பு எஸ்தர் டீச்சர். கணினிப் பயன்பாட்டில் முதுகலை முடித்தவர். அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் பேருந்தில் வருவார். ஒப்பந்த வேலை; வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பேச்சில் விட்டுக்கொடுக்க மாட்டார். "சார், நம்ம லேப்ல ஏசி ஓடுது, காத்துதான் வரமாட்டேங்குது" என்று தேர்வு மையத்தின் மேலாளரிடமே சொல்லுவார். எனக்கு அவரைப் பிடிக்காது. அதற்குக் காரணம் எதுவும் இல்லை. என்னிடம் அவர் பயப்படவில்லை, அவ்வளவுதான்.

ஒரு குமாஸ்தா வேலைக்கான தேர்வு வந்தது. காலையிலேயே வளாகம் நிறைந்துவிட்டது. ஏரலிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் முதல் பேருந்தைப் பிடித்து வந்தவர்கள், கூடவே வந்த அப்பாக்கள், கைக்குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுத் தேர்வுக்கு ஓடியவர்கள். பிள்ளைகள் உள்ளே போய், கதவு மூடி, தேர்வு தொடங்கியது. நான் சர்வர் அறையில் தனியாக, பொட்டலம் பிரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் மாடியில், தேர்வை நடத்தும் நிறுவனத்தின் பார்வையாளர் கூடத்தைச் சுற்றி வந்தார். அலமாரிக்குள் ஒரு கேபிள் அனாதையாகத் தொங்குவதைப் பார்த்தார். தொங்கும் கேபிளில் யாராவது எதையாவது மாட்டிக் காப்பியடிக்கலாம் என்பது அவர்களுடைய பயம். உடனே ஒழுங்குபடுத்தச் சொன்னார். எஸ்தர் டீச்சர் தானாக எதையும் தொடவில்லை. தேர்வுக்கூடத்தில் கைப்பேசி கூடாது என்பதால், வெளித் தாழ்வாரத்திலிருந்த இன்டர்காமில் என்னைக் கூப்பிட்டார்.

"சார், ரேக்ல ஒரு வயரு தொங்குது. அதை ஒழுங்கு பண்ணச் சொல்லுதாங்க. என்ன செய்ய?"

"காலியா இருக்க ஓட்டையில சொருகிட்டுக் கதவைப் பூட்டுங்க. இதுக்கெல்லாமா போன் போடுவாக?"

"இல்ல சார், கேட்டுட்டுச் செய்யணும்லா..."

"சொருகுங்க டீச்சர். சாப்பிட விட மாட்டியளா?"

வைத்துவிட்டேன். எந்தக் கேபிள் என்று கேட்கவில்லை. அந்தக் கேபிளைத் தொங்கவிட்டது நான்தான் என்பது என் நினைவில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இட்லியில் இன்னொரு வாய் வைப்பதற்குள் சர்வர் அறையின் விளக்குகள் மாறின. வழக்கமாக அவை ஆளுக்கொரு விதமாகச் சிமிட்டும். இப்போது எல்லாம் ஒன்றுபோலத் துடித்தன. மூன்று தளங்களிலும் திரைகள் உறைந்தன. தாழ்வாரங்களில் செருப்புச் சத்தம்.

இதற்கடுத்து நான் செய்ததைக் கவனமாகப் படியுங்கள். இது உங்களுக்கும் வரும்.

விளக்குகளைப் பார்த்தேன், அவை சொன்னதைக் கேட்கவில்லை. விசைப்பலகையை இழுத்து ஸ்விட்சிடம் கேள்வி கேட்டேன். கூவலில் காது அடைத்துப்போன ஸ்விட்ச் பதில் சொல்லுமா? மறுபடி கேட்டேன். வைரஸ் என்று நினைத்தேன். வெளியிலிருந்து எவனோ தாக்குகிறான் என்று நினைத்தேன். நம் தவறு என்ற ஒன்றைத் தவிர உலகத்திலுள்ள எல்லாக் காரணங்களும் அந்த நேரத்தில் வரிசையாக வரும். பார்வையாளர் ஓடிவந்து, "சார், ஏதாவது செய்யுங்க" என்று கத்தினார். ஏதாவது செய்வதுபோலத் தெரியவேண்டுமே என்று, தேர்வு சர்வரை அணைத்துப் போட்டேன்.

உருப்படியாக இருந்தது அந்தச் சர்வர் ஒன்றுதான். பிள்ளைகள் எழுதிய பதில்கள் எல்லாம் அதற்குள் பத்திரமாக இருந்தன. வட்டத்தை அறுத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து எழுதியிருப்பார்கள். நான் பாதியில் அணைத்ததில் பதிவுகள் சிதைந்து, சர்வர் மறுபடி எழவே இல்லை.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. மாடிகளுக்குப் போகும் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். இரண்டாம் மாடியின் இரண்டையும் பிடுங்கியதும் மற்ற விளக்குகள் எல்லாம் பழையபடி ஆளுக்கொரு விதமாகச் சிமிட்டின. கையில் அந்த இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே என்ன நடந்திருக்கும் என்பது முழுக்கத் தெரிந்தது. இன்டர்காமில் நான் பேசியதும் ஒரு சொல் விடாமல் நினைவுக்கு வந்தது.

உங்களுக்கு இப்படி வந்தால், முதலில் விசைப்பலகையை விட்டு எழுந்திருங்கள். விளக்குகள் ஒன்றாகத் துடித்தால் அது லூப். தளங்களைப் பிரியுங்கள், எது பிரிந்ததும் மற்றவை மூச்சுவிடுகின்றன என்று பாருங்கள். நன்றாக இருக்கும் எதையும், பயத்தில், பிறர் பார்க்கிறார்கள் என்பதற்காகத் தொடாதீர்கள். ஒரு கூடத்தை இழக்கத் துணிந்தால் மற்றவற்றைக் காப்பாற்றலாம். எதையும் இழக்க மனமில்லாத நான் எல்லாவற்றையும் இழந்தேன்.

தேர்வு ரத்தானது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். வாசலில் ஒரு பையன் தன் கூட்டாளியிடம் சொல்லிக்கொண்டு போனான்: "ஏலே, எனக்கு நல்லா வந்துட்டு இருந்துச்சுல. இன்னிக்குப் பாத்து இவனுவ கம்ப்யூட்டருக்குப் பேதி." கூட வந்த பெரியவர் ஒருவர் காவலாளியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, எம்மவளுக்கு வயசு வரம்பு இதோட முடியுது. திரும்ப வைப்பாங்களா, மாட்டாங்களா? அதை மட்டும் சொல்லுங்க, நான் போயிருதேன்." காவலாளிக்கு என்ன தெரியும்? என்னைக் காட்டினார். நான் கைப்பேசியில் பேசுவதுபோல உள்ளே போய்விட்டேன். மறுதேர்வு வேறு ஊரில் வைத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெண்ணால் போக முடிந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

தேர்வு நிறுவனம் மையத்தையே ரத்து செய்வதாகச் சொன்னது. யாருடைய தவறு, என்ன நடவடிக்கை என்று எழுதிக் கேட்டது. தாளாளர் அறையில் விசாரணை நடந்தது. அவர், மேலாளர், நான், எஸ்தர் டீச்சர். டீச்சர் எதையும் மறைக்கவில்லை.

"ஆமா ஐயா, நான்தான் சொருகுனேன். பார்வையாளர் சொன்னாரு. நான் சார்ட்ட இன்டர்காம்ல கேட்டேன். சார் சொருகச் சொன்னாங்க, சொருகுனேன்."

தாளாளர் என் பக்கம் திரும்பினார். "என்ன வே?"

அந்த அறையில் சுவர்க் கடிகாரமும் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தன. பதில் சொல்ல எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. அவசரத்தில் சொன்னேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

"அப்படி ஒரு போன் வந்ததா எனக்கு நினைவில்ல ஐயா. அலமாரியைத் தொடக்கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லியிருக்கேன்."

அப்படி யாருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. எஸ்தர் டீச்சர் என்னைப் பார்த்தார். கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"சார், இட்லி சாப்பிட விடமாட்டியளான்னு ஏசுனீங்களே, அதுவும் நினைவில்லையா?"

"என்ன பேசுதீங்க டீச்சர்?" என்று மேலாளர் அதட்டினார்.

"நான் ஒண்ணும் பேசல சார். ஒரு வயரைச் சொருகுனதுக்கு மூணு மாடியும் படுத்துட்டுன்னா, சொருகுனவளை மட்டும் கேக்காதிய, கெட்டுனவரையும் ஒரு வார்த்தை கேளுங்க. அம்புட்டுத்தான்."

தாளாளர் முட்டாள் இல்லை. என் முகத்தைப் பார்த்தார். எதையோ புரிந்துகொண்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நான் நிரந்தரப் பணியாளன், நெட்வொர்க் முழுவதும் என் கையில் இருந்தது. டீச்சர் ஒப்பந்தப் பணியாளர். நம்புவதற்கு வசதியான பொய்யை நான் கொடுத்தேன். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். "பயிற்சியற்ற பணியாளரின் கவனக்குறைவு, அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்" என்று பதில் போனது. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான். முதுகலை படித்த பெண்ணைப் பயிற்சியற்றவர் என்று எழுதினேன். பயிற்சி பெற்ற நான்தான் ஸ்பானிங் ட்ரீயை அணைத்தவன்.

அந்த வாரமே எல்லா ஸ்விட்சிலும் அதை மறுபடி இயக்கினேன். ஒரு மத்தியானம் உட்கார்ந்து, அன்றே எழுதியிருக்க வேண்டிய கட்டளைகளை எழுதினேன். இரண்டாம் மாடியில் அந்தக் கேபிளை அதே வாசலில் செருகினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. கல்லூரி அதன்பாட்டுக்கு ஓடியது. சில நாள் கழித்துத் தாளாளர் அந்தப் பக்கம் வந்தார்.

"மறுபடியும் மஞ்சளா?"

"அப்படித்தான் ஐயா இருக்கணும்."

"சரி" என்றார். நடந்து போய்விட்டார். அவ்வளவுதான். அவர் கேட்டது அதை மட்டுமே. அந்த ஒரு வாக்கியத்தை முதல் தடவையே சொல்ல எனக்குத் துணிவு இருந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

ஓய்வு பெற்றபின் எனக்கு நேரம் கிடைத்தது. நேரம் கிடைப்பது நல்லதில்லை. போன மாதம் அம்பாசமுத்திரத்துக்குப் பேருந்து ஏறினேன். எஸ்தர் டீச்சர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுக்கொடுக்கும் கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சின்னக் கடை. வெளியே வரிசை. நெல் விற்ற கையோடு பட்டா மாறுதலுக்கு வந்தவர்கள், சாதிச் சான்றுக்கு வந்தவர்கள். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. நிமிர்ந்து பார்த்தார், முடி நரைத்திருந்தது, பார்வை அதே பார்வை.

"வாங்க சார். என்ன, பென்ஷனுக்கா? உயிரோட இருக்கியன்னு சான்றிதழ் போடணுமா?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன். போன் வந்தது நினைவிருந்தது என்று சொன்னேன். கேபிளைத் தொங்கவிட்டதும், பாதுகாப்பை அணைத்து வைத்ததும், சர்வரை அணைத்ததும் நான்தான் என்று சொன்னேன். அவர் கணினியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். யாருக்கோ ஒரு விண்ணப்பத்தை அச்சுக்குக் கொடுத்தார்.

"இதை எங்கிட்ட எதுக்கு சார் சொல்லுதிய? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

"தாளாளர் இப்ப இல்லம்மா."

"அவரைச் சொல்லல." அச்சான தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "போன மழைக்கு இங்க நெட்டு படுத்துட்டு. சரி பண்ண ஒரு தம்பி வந்தான். ஒங்க காலேஜ்ல படிச்சிட்டு, அங்கேயே நெட்வொர்க்ல பயிற்சி எடுத்தவனாம். நோண்டிப் பாத்துட்டுச் சொல்லுதான், 'எஸ்தர் ஆயிட்டு மேடம், வேற ஒண்ணும் இல்ல'ன்னு. எஸ்தர்னா என்னன்னு கேட்டேன். லூப்புக்கு அங்க அப்படித்தான் சொல்லுவாங்களாம். யாரு அந்த எஸ்தர்னு கேட்டேன். தெரியாதாம். யாரோ வயரைத் தப்பா சொருகுன பொம்பளையாம்."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

"நீ என்ன சொன்னம்மா?"

"என்ன சொல்ல? டீ வாங்கிக் குடுத்து அனுப்புனேன். நகருங்க சார், ஆள் நிக்காங்க."

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. சொல்லுகிறேன். விசாரணை முடிந்த மறுநாள் உணவு இடைவேளையில், என்ன நடந்தது என்று பிரிவிலிருந்த இளைஞர்கள் என்னைக் கேட்டார்கள். "எஸ்தர் கை வச்சா எந்த நெட்வொர்க்கும் படுத்திரும்லே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தேவைப்பட்டது. சிரிக்கிறவர்கள் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. அவர்களில் இருவர் உங்களுக்கு மேலதிகாரிகளாக இருக்கிறார்கள். நீங்கள் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டீர்கள். இப்போது தேர்வுக்குப் படிப்பதுபோல அந்தச் சொல்லையும் ஒருவருக்கொருவர் சொல்லித் தருகிறீர்கள்.

எஸ்தர் கேட்டுவிட்டுத்தான் செருகினார். அவரிடம் செருகச் சொன்னவன் பெயர் பொன்ராஜ். லூப்புக்கு ஒரு பெயர் வேண்டும் என்றால் இனி அதைச் சொல்லுங்கள். சின்னப் பெயர்தான். அவசரத்தில் கூவுவதற்கும் எளிது.